பத்தடி உயரத்தில் உத்திரமேரூர்

பம்மல்

விமானம் ஓட்டுகிறவர்கள் வேனில் ஏறினால் முன் இருக்கைக்குப் போட்டி நடக்கும் என்று நினைத்திருந்தேன். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் எட்டுப் பேரும் தூங்கிவிட்டார்கள். ராத்திரி, பகல் என்று பாராமல் ரோஸ்டர் போட்டு வேலை வாங்கப்படுகிற உடம்புகள், கிடைத்த இடத்தில் தூங்கப் பழகியிருக்கின்றன. விழித்திருந்தது நானும் டிரைவரும்தான்.

நான் விமானத் துறைக்காரி இல்லை. பம்மலில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். மீனம்பாக்கத்து ஓடுபாதையின் மேற்கு முனை எங்களுக்குப் பக்கம். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் இறங்கினால், ‘இரு, இது போகட்டும்’ என்று நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்த என் அண்ணன் மகள் இன்று விமானப் பராமரிப்புப் பொறியாளர். அவளும் அவளைப் போன்ற சிலரும் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். பெயரில்லை, அலுவலகமில்லை. ஒரு வாட்ஸாப் குழுவும், எல்லாருக்கும் ஒரே நாளில் ‘ஆஃப்’ கிடைக்க வேண்டுமே என்ற வேண்டுதலும்தான் சங்கம். ஒரு கேப்டன், ஒரு துணை விமானி, டவரில் வேலை பார்க்கும் இருவர், அதே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, பயிற்சியில் இருக்கும் இரண்டு பெண்கள், என் மருமகள். ‘அத்தை, சும்மா வந்து உட்காருங்க’ என்றாள். ஒட்டிக்கொண்டேன்.

இப்படிக் கூடுவது புதிதல்ல. 1929 நவம்பரில் நியூயார்க் பக்கத்து விமானத் திடல் ஒன்றில், அமெரிக்காவில் அப்போது உரிமம் வைத்திருந்த 117 பெண் விமானிகளுக்கும் அழைப்புப் போயிற்று. 99 பேர் சேர்ந்தார்கள். சங்கத்துக்குப் பெயரே ‘தொண்ணூற்றொன்பது’ என்றாகிவிட்டது. அமீலியா எர்ஹார்ட் அதன் முதல் தலைவர். நம் நாட்டில் 1960-களில் இந்தியப் பெண் விமானிகள் சங்கம் பம்பாயில் உருவானது. இப்போது ‘விமானத் துறையில் பெண் குழந்தைகள் நாள்’ என்று வருஷத்துக்கு ஒருமுறை பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். அதை நடத்தும் சங்கத்தின் இந்தியக் கிளையும் மாணவிகளை விமான நிலையத்துக்கு அழைத்துப் போகிறது.

எங்கள் குழு அதைத் திருப்பிப் போட்டிருந்தது. ‘ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்தா பிள்ளைங்க எஸ்கலேட்டரையும் ஏசியையும்தான் பார்க்குதுங்க. நாம போவோம்’ என்றாராம் கேப்டன். உத்திரமேரூரில் ஆசிரியையாக இருக்கும் அவருடைய பள்ளித் தோழி, சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் இரண்டு மணி நேரம் வாங்கிக் கொடுத்திருந்தார்.

திருமுக்கூடல்

பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்கின்றன. சேர்கின்றன என்று சொல்வது பழக்கதோஷம். தை மாதத்தில் நாங்கள் பார்த்தது மணலும், நாணலும், நடுவில் வெள்ளி நூலாக ஓடிய கொஞ்சம் தண்ணீரும்தான். சூரியன் இன்னும் ஏறவில்லை. எல்லாரும் எழுந்து டீ குடித்தார்கள்.

இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையின் செலவுக் கணக்கு அது. மருத்துவருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மூலிகை கொண்டுவருவோருக்கு இவ்வளவு என்று போகும் பட்டியலில், மருந்து காய்ச்சும் பெண்கள் இருவருக்கும் நெல்லும் காசும் எழுதப்பட்டிருக்கின்றன. ஓய்வு பெற்ற டவர் அம்மா இதைக் கேட்டதும், ‘அப்ப சம்பளப் பட்டியல்ல பேர் வந்து ஆயிரம் வருஷம் ஆச்சுன்னு சொல்லு’ என்றார். பெயர் வரவில்லை, எண்ணிக்கைதான் வந்திருக்கிறது என்றேன். ‘அது இன்னைக்கும் அப்படித்தான்’ என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

உத்திரமேரூர் வயல்வெளி

உத்திரமேரூரை நெருங்கும் சாலையில் ஜல்லி லாரிகள்தான் ராஜா. அவை கிளப்பிய தூசி புளியமர இலைகளைச் சாம்பல் நிறமாக்கியிருந்தது. அதைத் தாண்டி உள்ளே திரும்பினால் சட்டென்று பச்சை. ஒருபக்கம் சம்பா அறுத்த தாள், இன்னொரு பக்கம் நவரை நட்டு வேர் பிடித்த பயிர். இந்த மாவட்டத்தையே ஏரி மாவட்டம் என்பார்கள். உத்திரமேரூரின் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயர்.

வேன் அங்கே நின்றது கேப்டனின் பிடிவாதத்தால். வரப்பில் ஒரு பெண் நின்றிருந்தார். சேலைக்கு மேல் வயல் வேலைக்குப் போடுகிற ஆம்பளைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் மாட்டிய ரிமோட். அவருக்கு முன்னால், பயிருக்குப் பத்தடி உயரத்தில், ஆறு விசிறிகள் கொண்ட ட்ரோன் மருந்து அடித்துக்கொண்டு போனது. பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. வரப்பு முனையில் நின்று, பக்கவாட்டில் நாலடி நகர்ந்து, திரும்பி வந்தது. கோடு பிசகவில்லை.

1936இல் லாகூரில் சரளா தக்ரால் சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தில் தனியாகப் பறந்தார் என்பது இந்தப் பெண்களின் கூட்டங்களில் தவறாமல் சொல்லப்படும் கதை. அந்தக் கதைக்கு ஒரு படம் போடச் சொன்னால் இனி இந்தச் சட்டை போட்ட சேலையைத்தான் போடுவேன்.

அவர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். மகளிர் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் கொடுத்து, வாடகைக்கு மருந்தும் உரமும் அடிக்க வைக்கும் மத்திய அரசின் திட்டம் 2023இல் வந்தது. விலையில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் எட்டு லட்சம் ரூபாய் மானியம். பயிற்சி 15 நாள்: ஐந்து நாள் பறக்கவிடுவதற்கு, பத்து நாள் மருந்து, உரம் பற்றி. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உதவியாளுக்கும் பயிற்சி உண்டு. உதவியாள் யாரென்று கேட்டோம். மர நிழலில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தவரைக் காட்டி, ‘எங்க வீட்டுக்காரர்தான். அவர்தான் என் ஹெல்பர்’ என்றார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்.

கேப்டன் முதலில் கொஞ்சம் பெரியவராகத்தான் பேசினார். எத்தனை லிட்டர், எத்தனை நிமிஷம் என்று விசாரணை. பத்து லிட்டர் டாங்கி, ஏக்கருக்குப் பத்து நிமிஷத்துக்குள் முடியும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. பிறகு கேப்டன் கேட்டார்: ‘காத்து வந்தா என்ன பண்ணுவீங்க?’

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. ‘அதை ஏன் மேடம் கேக்கறீங்க. பத்து மணிக்கு மேல காத்து எடுத்துடும். நம்ம அடிக்கிற மருந்து பக்கத்து வயலுக்குப் போயிடும், அப்புறம் சண்டை. வெடிகாலைலயே வந்துடணும். தென்னந்தோப்பு ஓரம் இன்னும் மோசம். மரம் தாண்டினதும் ஒரு இழு இழுக்கும் பாருங்க.’

‘ஓடுபாதை ஓரத்துல கட்டடம் இருந்தாலும் அதே இழுப்புத்தான். கடைசி ஐம்பது அடியில உயிர் போகும்’ என்றார் கேப்டன். அப்புறம் அங்கே நாங்கள் யாரும் தேவைப்படவில்லை. பக்கவாட்டுக் காற்று, ஈரம் பட்ட காலையில் கனம் கூடுவது, மின்கம்பி, காக்காய், கழுகு என்று இருவரும் கால்மணி நேரம் நின்றபடியே பேசினார்கள். ‘மேடம்’ எப்போது ‘அக்கா’ ஆயிற்று என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

திரும்பி நடக்கையில் பயிற்சி விமானிகளில் ஒருத்தி, ‘இவங்களையும் பைலட்டுன்னு சேர்த்துக்கலாமா?’ என்றாள். கேலியில்லை, நிஜமான கேள்விதான். அவளுக்கு உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்தாக வேண்டும், தேர்வுகள் இருக்கின்றன, வருஷங்கள் போகின்றன. அவருக்கு 15 நாள். டவர் அம்மாதான் பதில் சொன்னார்: ‘சர்டிபிகேட்டுல ரிமோட் பைலட்டுன்னுதான் போட்டிருக்கு. லைசென்ஸ் குடுக்கற டிஜிசிஏவே ஒத்துக்கிட்டதை நீ ஏன்டி ஒத்துக்க மாட்டேங்கிற?’

கேப்டன் ஏற்கெனவே திரும்பிப் போய், ‘பதினோரு மணிக்கு ஸ்கூலுக்கு நீங்களும் வாங்க’ என்று கூப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

வைகுண்டப் பெருமாள் கோயில்

உத்திரமேரூருக்குப் போய்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்காமல் வந்தால் ஊர் மன்னிக்காது. சின்னக் கோயில்தான். சபை கூடிய இடம். அடிப்பகுதிக் கல் முழுக்க எழுத்து. பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியவை. குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்து ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று ஆள் அமர்த்திய முறை பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரரும் நிற்க முடியாது என்பதும் அதிலேயே உண்டு.

யார் நிற்கலாம் என்ற பட்டியலைத்தான் இந்தப் பெண்கள் விரும்பிக் கேட்டார்கள். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். முதல் கல்வெட்டில் 30க்கு மேல், 60க்குள் என்றிருந்ததை இரண்டே வருஷத்தில் மாற்றியிருக்கிறார்கள். சொந்த மனையில் வீடு. வேதம் அறிந்திருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். ‘மெடிக்கல் மட்டும்தான் கேக்கலை, மத்ததெல்லாம் நம்ம ரூல் புக் மாதிரியே இருக்கு’ என்றாள் துணை விமானி.

கால் வேலி என்றால் எவ்வளவு என்று ஒருத்தி கேட்டாள். ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர் என்றேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து பறக்கக் கற்றுக்கொண்டிருக்கிற அந்தப் பெண் கல்லைத் தடவியபடி சொன்னாள்: ‘எங்கப்பா எனக்காக அதுக்கு மேலயே வித்தாச்சு அத்தை.’

இந்திய விமானிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பெண்கள், உலக அளவில் 5 சதவீதம்தான் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் வணிக விமானி உரிமம் வாங்கி முடிக்க ஐம்பது லட்சம் ரூபாய் வரை ஆகிறது. அந்த 15 சதவீதத்தில் கால் வேலிக்காரர் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம்

படம் காட்ட புரொஜெக்டர், மடிக்கணினி எல்லாம் கொண்டுபோயிருந்தார்கள். முதல் படம் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. நல்லதாகப் போயிற்று. கேப்டன் ஒரு தாளை உதட்டருகே பிடித்து மேல்பக்கமாக ஊதிக் காட்டினார். தொங்கிய தாள் எழுந்து நின்றது. பின்பெஞ்சு வரை எல்லாரும் நோட்டுத் தாளைக் கிழித்து ஊத ஆரம்பித்தார்கள். ஆசிரியைக்கு நோட்டுப் போனதில் வருத்தம்.

டவர் அம்மா உஷா சுந்தரத்தின் கதையைச் சொன்னார். பதினேழு வயதுக்குள் கல்யாணம். கணவர் விமானி, அவரிடமே பறக்கக் கற்று, 1949இல் பெங்களூரு ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் தேறினார். சமஸ்தானங்களை இணைக்க சர்தார் படேல் அலைந்த நாட்களில் அவரை ஏற்றிப் பறந்தது இந்தத் தம்பதி. 1950-களின் தொடக்கத்தில் மதராஸ் அரசு வாங்கிய ‘டவ்’ விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு இருவரும் 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தது அன்றைக்குச் சாதனை. இவ்வளவு பக்கத்தில் இருந்தவரை நம் ஊர்ப் பாடப் புத்தகம் எப்படித் தவறவிட்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதைவிடப் பக்கம் அரக்கோணம். அங்குள்ள ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில்தான் 2024 ஜூனில் அனாமிகா பி. ராஜீவ் பயிற்சி முடித்து, கடற்படை ஹெலிகாப்டர் விமானியான முதல் பெண் ஆனார்.

பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். மரியாதையாகக் கைதட்டினார்கள். ‘கேள்வி கேளுங்க’ என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து, ‘எவ்ளோ ஆகும் மிஸ்?’ என்றாள். கேப்டன் பொய் சொல்லவில்லை. தொகையைச் சொன்னதும் வகுப்பில் ஏதோ ஒன்று அணைந்தது. என் மருமகள் எழுந்து, பராமரிப்புப் பொறியாளர் படிப்புக்கு அவ்வளவு ஆகாது, டவர் வேலைக்கு இயற்பியலும் கணக்கும் படித்த பிஎஸ்சி பட்டமோ பொறியியலோ போதும், தேர்வு எழுதி வரலாம் என்றெல்லாம் சொன்னாள். குறித்துக்கொண்டார்கள். ஆனாலும் அணைந்தது அணைந்ததுதான்.

அப்போது ட்ரோன் அக்கா வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, தலைசீவி, பூ வைத்திருந்தார். வாசலில் கூச்சத்தோடு நின்றவரைக் கேப்டன் தம் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டாவது பெஞ்சிலிருந்து, ‘ஏய், எங்க தெரு அக்காடி’ என்று ஒரு குரல். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. எத்தனை நாள் படிச்சீங்க? கீழ விழுந்தா யாரு காசு கட்டுவா? மாமா திட்டலையா? இங்கிலீஷ் தெரியணுமா? பீரியட்ஸ் நாள்ல வயலுக்குப் போவீங்களா? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முதல் வாரம் ரிமோட்டைத் தொடவே கை நடுங்கியது என்றும், ஒருமுறை வேப்பமரத்தில் மாட்டி இறக்கைத் துண்டு போனது என்றும் சொன்னார். கேப்டன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘இப்ப கேப்டன் அக்காவையும் கேளுங்க’ என்று அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு கேப்டனுக்கும் நிஜமான கேள்விகள் வந்தன. ‘ப்ளேன்ல பாத்ரூம் வந்தா யாரு ஓட்டுவா?’ என்பது உட்பட.

கடைசி அரைமணி நேரம் முற்றத்தில். வெளிநாட்டுச் சங்கங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: உறுப்பினர்கள் பெயிண்ட் டப்பாவோடு சின்ன விமானத் திடல்களுக்குப் போய், தரையில் பெரிய திசைகாட்டி வரைவார்கள். நாங்கள் கோலமாவோடு போயிருந்தோம். ஆணியடித்துக் கயிறு கட்டி வட்டம் போட்டார்கள். போன் திசைகாட்டியில் வடக்கு பார்த்து, 30 டிகிரிக்கு ஒரு கோடாகப் பன்னிரண்டு கோடு. மீனம்பாக்கத்து ஓடுபாதையில் 07 என்று எழுதியிருப்பது 70 டிகிரியைக் குறிக்கிறது என்று டவர் பெண் விளக்க, மீனம்பாக்கம் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டார்கள்: வடகிழக்கே 47 டிகிரி, நேர்கோட்டில் 60 கிலோமீட்டர் சொச்சம். அம்புக்குறி போட்டதும் ஊர்ப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். செய்யாறு, செங்கல்பட்டு, மதுராந்தகம்.

‘பரந்தூர் எங்க மிஸ்?’

ஏறக்குறைய நேர் வடக்கு. கேட்ட பிள்ளையே கோலமாவை எடுத்து அங்கே ஒரு புள்ளி வைத்தாள். அவள் பாட்டி வீடு அந்தப் பக்கமாம். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அது. அன்று தொடங்கி அந்த இடத்துக்குள் வரும் ஏகனாபுரம் மக்கள் போராடுகிறார்கள். கிராம சபையைக் கூட்டித் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். 2025இல் மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதலும் வந்துவிட்டது. ‘ஏர்போர்ட் வந்தா எங்களுக்கு வேலை கிடைக்குமா, பாட்டி வீடு இருக்குமா?’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள். துணை விமானி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டவர் அம்மா அவள் கையைப் பிடித்தார். சபை கூடி முடிவெடுத்ததைக் கல்லில் வெட்டிய ஊரில் நின்றுகொண்டு, அந்தப் பிள்ளைக்கு எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மத்தியானம் ஆசிரியை வீட்டில் சாப்பாடு. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், அப்பளம், மண்பானை மோர். விமானத்தில் கேப்டனும் துணை விமானியும் ஒரே உணவைச் சாப்பிடக் கூடாதாம். கெட்டுப்போயிருந்தால் இருவரும் ஒன்றாகப் படுத்துவிடக் கூடாதே. அந்தக் குழம்புக்கு முன்னால் அந்த விதி நிற்கவில்லை.

வேடந்தாங்கல்

திரும்பும் வழியில் வேடந்தாங்கலுக்குத் திருப்பினோம். மாலை நாலரை. ஏரிக்குள் கடம்ப மரமெல்லாம் வெள்ளையாகக் காய்த்துக் கிடந்தது, நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும். 1798இலேயே இந்தக் கிராமத்தார் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவை சுடுவதை எதிர்த்து ஆட்சியர் லயனல் பிளேஸிடம் போய்க் கௌல் (உரிமைப் பத்திரம்) எழுதி வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். தீபாவளிக்கு வெடி கிடையாது.

விமானிகளுக்குப் பறவை என்றால் பயம்தான். என்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று என் மருமகள் விவரித்ததை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் கரையில் நின்றதும் எல்லாரும் வேலை ஞாபகத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு கூழைக்கடா வட்டமடித்து, காற்றுக்கு எதிராகத் திரும்பி, இறக்கையை அகல விரித்து, காலை முன்னால் நீட்டியது. ‘லேட்... லேட்... இப்ப தூக்கு’ என்றாள் பயிற்சி விமானி. பறவை தண்ணீரைச் சறுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. கேப்டன் பத்துக்கு எட்டு போட்டார்.

இருட்டும்போது பம்மல் வந்துவிட்டோம். தலைக்கு மேல் ஒன்று இறங்கியது. பழக்கத்தை விட்டு அண்ணாந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை ஆசிரியை போன் செய்தார். ஞாயிறு ராத்திரிப் பனியிலும் காலைப் பிரேயரில் பட்ட கால்களிலும் கோலம் அழிந்துவிட்டதாம். பிள்ளைகள் அழியாமல் போட வேண்டும் என்கிறார்களாம், பரந்தூர்ப் புள்ளியோடு சேர்த்து. வெள்ளை எனாமல் நாலு லிட்டர், மஞ்சள் இரண்டு லிட்டர் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த ‘ஆஃப்’ எப்போது என்று ரோஸ்டர் வந்தால்தான் தெரியும்.